பத்து வீதம் என்றால் எவ்வளவு?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து நான் மத்ரஸாவுக்கு வந்தபோது வாசல் திண்ணையில் ஒரு தாய் காத்திருந்தார். அவருடைய கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். மௌத்தாகி ஒன்றரை வருடமாகிறது. இத்தா முடிந்து, சேமலாப நிதிக் காசு கைக்கு வந்து, மீராஸ் பிரித்துப் பிள்ளைகளுக்குரியதைக் கொடுத்த பின்னர் அந்தத் தாயிடம் மிஞ்சியிருப்பது ஐந்து இலட்சம் ரூபா. அதை எங்கே வைப்பது என்பதுதான் அவருடைய கவலை.

கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். டோஹாவில் வேலை செய்யும் மகன் போனில் அனுப்பியதைச் சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து வந்திருந்தார். பெங்களூரிலுள்ள பயோகொன் என்ற மருந்துக் கம்பனியின் பெயர் அதிலிருந்தது. அதன் கீழே, 2025ஆம் ஆண்டுக்கான பங்கிலாபம் 10 வீதம் என்று ஒரு வரி. மகன் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தான்.

"மௌலவி, வருஷத்துக்குப் பத்து வீதம் குடுக்காங்களாம். அஞ்சு இலட்சத்துக்கு ஐம்பதாயிரம். மாசம் நாலாயிரத்துச் சொச்சம் வரும். எனக்கு மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் அது போதும். வட்டியும் இல்ல, வியாபாரக் காசுதான் எண்டு மகன் சொல்றான். இது கூடுமா?"

சகோதரிகளே, எங்களிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் "கூடுமா?" என்றுதான் முடியும். ஆனால் எது கூடுமா என்று கேட்கப்படுகிறதோ அது முதலில் உள்ளபடி விளங்க வேண்டும். அந்தத் தாய் கேட்டது ஐம்பதாயிரம் ரூபாவைப் பற்றி. அந்தத் தாளில் ஐம்பதாயிரம் ரூபா இல்லவே இல்லை. அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க அன்றைய வகுப்பில் பாதி நேரம் போய்விட்டது. பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடிக் கொண்டிருந்தார்கள்.

கம்பனிப் பங்கு ஒன்றுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று முகப்பெறுமதி. கம்பனியைப் பதியும்போது பங்குக்கு இவ்வளவு என்று எழுதி வைத்த தொகை அது. பயோகொன் பங்கின் முகப்பெறுமதி 5 இந்திய ரூபா. மற்றது சந்தை விலை. இன்று நீங்கள் போய் வாங்கினால் கொடுக்க வேண்டிய காசு அதுதான். 2025ஆம் ஆண்டில் அந்தப் பங்கின் சந்தை விலை ஏறி இறங்கி 350 ரூபாவைச் சுற்றி நின்றது. கம்பனி பங்கிலாபத்தை வீதத்தில் அறிவிக்கும்போது அந்த வீதம் முகப்பெறுமதிக்கே உரியது. நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. 5 ரூபாவில் 10 வீதம் என்றால் 50 சதம். 350 ரூபா கொடுத்து வாங்கிய பங்குக்கு வருடத்தில் கிடைப்பது 50 சதம்!

இதை அந்தத் தாயின் காசில் வைத்துப் பாருங்கள். 2025இல் ஓர் இந்திய ரூபாவுக்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபா. அவருடைய ஐந்து இலட்சம் இந்தியக் காசில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். அதற்கு 400 பங்குகள் கிடைக்கும். 400 பங்குக்கு 50 சதப்படி 200 இந்திய ரூபா. எங்கள் காசில் 700 ரூபா. மாதத்துக்கல்ல, வருடத்துக்கு. அதிலும் இந்தியாவில் கழிக்கும் வரி வேறு.

கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதி முடித்தபோது அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மகன் பொய் சொன்னானா?" என்று கேட்டார். இல்லை. தாளில் உள்ளதும் பொய்யல்ல, மகன் சொன்னதும் பொய்யல்ல. எதில் பத்து வீதம் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதே கம்பனி 2015இல் பங்குக்கு 5 ரூபா கொடுத்தது. வீதத்தில் சொன்னால் அது 100 வீதம்! பார்ப்பவர்கள் போட்ட காசு ஒரே வருடத்தில் திரும்பிவிடும் என்று நினைப்பார்கள். அன்றைய சந்தை விலையில் அது ஒரு வீதத்தை ஒட்டிய தொகைதான்.

அப்படியானால் அது மோசமான கம்பனியா என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். அதன் கதை கேட்கத் தக்கது.

1978இல் கிரண் மஜும்தார் என்ற இளம்பெண் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் பத்தாயிரம் ரூபா முதலோடு அயர்லாந்துக் கம்பனியொன்றின் கூட்டில் தொடங்கியதுதான் பயோகொன். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் படித்தது பியர் வடிக்கும் தொழில். பெண் என்பதால் இந்தியாவில் எந்த வடிசாலையும் அவருக்குப் பொறுப்பான வேலை கொடுக்கவில்லை. (அவருக்கும் அது நல்லதாகவே முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.) கடன் கேட்டுப் போன இடங்களிலும் பெண்ணுக்கு யார் பிணை என்று கேட்டார்கள். கம்பனி முதலில் விற்றவை இரண்டு பொருட்கள். பப்பாசிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் என்ற நொதியம் ஒன்று. இறைச்சி மெதுமையாவதற்கு எங்கள் உம்மாமார் பப்பாசிக்காய்த் துண்டு போடுவார்களே, அந்த வேலையைச் செய்வது அதுதான். மற்றது மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் ஒருவகைப் பசை. திருகோணமலையில் மீன் வெட்டும்போது நாங்கள் எறிந்துவிடும் பொருள் அது. பியரைத் தெளிய வைப்பதற்காக அதை வெளிநாட்டில் வாங்கினார்கள்.

பிறகு அந்தக் கம்பனி மருந்தின் பக்கம் திரும்பியது. இங்கே உயிரித் தொழில்நுட்பம் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பனடோல் போன்ற மாத்திரைகளை இரசாயனப் பொருட்களைக் கலந்து செய்வார்கள். இன்சுலின் போன்றவற்றை அப்படிச் செய்ய வழியில்லை. அது உயிருள்ள உடம்பில் சுரப்பது. ஆகவே முற்காலத்தில் அறுத்த பன்றியினதும் மாட்டினதும் கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தார்கள். நிர்ப்பந்தத்தில் அதைப் பாவிக்கலாமா என்பது உலமாக்கள் நீண்ட காலம் பேசிய மஸ்அலா. மனித இன்சுலினைச் செய்யும் மரபுக் கட்டளையை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதையே இன்சுலின் சுரக்க வைக்கும் வழி வந்தபின் அந்தப் பிரச்சினை பெருமளவில் தீர்ந்தது. அப்படிச் செய்த இன்சுலினுக்கு அமெரிக்க அரசு 1982இல் அனுமதி கொடுத்தது. பயோகொன் ஒருவகை ஈஸ்டை வைத்து அதே வேலையைச் செய்தது. அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிறோமே, அந்த ஈஸ்டின் இனத்தைச் சேர்ந்ததுதான். 2004இல் அந்த இன்சுலின் இந்தியச் சந்தைக்கு வந்தது.

அதே 2004இல்தான் கம்பனியின் பங்குகளும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. விலை 315 ரூபா. கொடுக்க இருந்த பங்குகளைப் போல முப்பது மடங்குக்கும் மேல் கேட்டு மனுப் போட்டார்கள். சந்தையில் முதல் நாளிலேயே கம்பனியின் மதிப்பு நூறு கோடி டொலரைத் தாண்டியது.

பங்கு பெருகியது, ரொட்டி பெருகியதா?

அன்று ஒருவர் 31,500 இந்திய ரூபா கொடுத்து 100 பங்கு வாங்கி, இன்றுவரை விற்காமல் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2008இல் கம்பனி ஒன்றுக்கு ஒன்று என்று போனஸ் பங்கு கொடுத்தது. அவரிடம் 200 ஆனது. 2017இல் ஒன்றுக்கு இரண்டு. 600 ஆனது. 2019இல் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. 1,200 ஆனது. இலவசமாக ஆயிரத்து நூறு பங்கு கிடைத்ததென்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அவருக்கு வந்த பங்கிலாபத்தைக் காசாக எண்ணிப் பாருங்கள். 2014இலும் 2015இலும் பங்குக்கு 5 ரூபாப்படி 200 பங்குக்கு 1,000 ரூபா. 2017இலும் 2018இலும் பங்குக்கு ஒரு ரூபாப்படி 600. 2019இல் 50 சதப்படி 1,200 பங்குக்கு 600. 2022இலும் அதே 600. 2023இல் மட்டும் பங்குக்கு ஒன்றரை ரூபா கொடுத்தார்கள், 1,800 வந்தது. 2024இலும் 2025இலும் மறுபடியும் 600. பத்து வருடத்தில் பங்குகள் ஆறு மடங்காகின. பங்கிலாபமோ ஆயிரத்திலிருந்து அறுநூறுக்கு இறங்கியது. ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டினாலும் ஆறாக வெட்டினாலும் மா அதே மாதான். போனஸ் பங்கு என்பது வெட்டும் கத்தி. அதை வருமானமாக எண்ணி யாரும் கல்யாணச் செலவுக்குத் திட்டம் போட்டுவிட வேண்டாம்.

ஆனால் இந்த மனிதருக்கு நட்டமா? இல்லை. அவருடைய 1,200 பங்கை 2025இல் 350 ரூபாப்படி விற்றிருந்தால் நான்கு இலட்சத்து இருபதாயிரம் கிடைத்திருக்கும். 31,500 ரூபா இருபத்தொரு வருடத்தில் பதின்மூன்று மடங்கு. வருடத்துக்கு வருடம் கூட்டிப் பார்த்தால் 13 வீதத்தை ஒட்டி வரும். இந்தக் கம்பனியில் பங்குதாரர் கண்ட பலன் விலை ஏற்றத்தில் வந்தது, பங்கிலாபத்தில் அல்ல. விலை ஏற்றமோ விற்றால்தான் காசு. விற்காதவரை அது தாளில் உள்ள எண்.

விற்கிற நேரம் யார் கையில் இருக்கிறது? 2008 கடைசியில் உலகச் சந்தைகள் எல்லாம் விழுந்தபோது, 31,500 போட்டவரின் 200 பங்கும் போட்ட காசைவிடக் குறைந்த விலைக்கு வந்தன. நாலரை வருடம் பொறுத்தவருக்கு அன்று கையில் முதலே இல்லை. 2020 முடிவில் 450 ரூபாவுக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் 2023 மார்ச்சில் பார்த்தபோது விலை பாதியளவுக்கு வந்திருந்தது. அந்த மாதம் மகளுக்குப் பிரசவமென்றோ கண்ணில் சத்திரசிகிச்சையென்றோ காசு தேவைப்பட்ட ஒரு விதவை, பாதி விலைக்கு விற்றிருப்பார். விலை பிறகு ஏறியது. அவருக்கு அதனால் என்ன?

இந்தக் கம்பனி மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். இந்தத் தொழிலின் குணமே இதுதான். அமெரிக்காவில் அம்ஜென் என்றொரு கம்பனி 1983இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அது முதன்முதலாகப் பங்கிலாபம் கொடுத்தது 2011இல். இருபத்தெட்டு வருடம்! அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்து, படித்து, கல்யாணமாகி, தாயாகிவிடுவாள். கிலியட் என்ற கம்பனி 1992இல் வந்து 2015இல்தான் கொடுக்கத் தொடங்கியது. ஒரு புதிய மருந்து ஆய்வுகூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் செல்லும். பாதி வழியில் பலன் தராமல் போவதுதான் அதிகம். தொழிற்சாலை கட்டவும் பெருஞ்செலவு. பயோகொன் இன்சுலினுக்காக மலேசியாவின் ஜொஹோரில் ஓர் ஆலை கட்டியது. ஆகவே உழைத்ததைப் பங்கு பிரிக்காமல் மறுபடியும் தொழிலுக்குள்ளேயே போடுவார்கள். தென்னம்பிள்ளை வைத்தவன் குரும்பை பிடிக்கு முன்னரே தேங்காய்க்கு ஆள் அனுப்புவதில்லை.

ஒரு கம்பனியின் பங்கிலாபம் எங்கேயிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 2024–25 நிதியாண்டில் பயோகொனின் தேறிய இலாபம் ஆயிரம் கோடி ரூபாவுக்குச் சற்று மேல் என்று கணக்கில் உண்டு. கேட்க நல்ல செய்திதான். ஆனால் 2024இல் இந்தியாவில் விற்கும் மருந்துப் பிரிவொன்றை எரிஸ் என்ற கம்பனிக்கு 1,242 கோடி ரூபாவுக்கு விற்றார்கள். அந்த விற்பனையில் வந்த இலாபமும் அந்த வருடக் கணக்கிலேயே சேர்ந்தது. பால் விற்ற காசும் மாடு விற்ற காசும் ஒரே சுருக்குப் பைக்குள் இருந்தால், அடுத்த வருடமும் இவ்வளவு வருமென்று சொல்ல முடியுமா?

இனிக் கடன். 2022இல் இந்தக் கம்பனி தன் கிளைக் கம்பனி மூலம் அமெரிக்காவின் வியாட்ரிஸ் கம்பனியிடமிருந்து ஒரு பெரிய மருந்துப் பிரிவை வாங்கியது. பேசிய மொத்தத் தொகை 333 கோடி டொலருக்கு மேல். நவம்பர் மாதம் கைமாறியது. அதற்குப் பெருந்தொகை கடன் வாங்க வேண்டி வந்தது. கடன் என்றால் வட்டி. அந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் பங்குதாரருக்கு. 2025 ஜூனில் புதிதாகப் பங்குகள் வெளியிட்டுப் பெரிய முதலீட்டாளர்களிடமிருந்து 4,500 கோடி ரூபா திரட்டினார்கள். ஒரு பங்கு 330 ரூபா. அதுவரை கம்பனிக்கு ஏறக்குறைய 120 கோடி பங்குகள். இப்போது இன்னும் பதின்மூன்றரைக் கோடிக்கு மேல் கூடியது. சஹனைச் சுற்றி ஒன்பது பேர் இருந்த இடத்தில் பத்தாவது ஆளும் வந்து உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெறுங்கையோடு வரவில்லை, அரிசி கொண்டுதான் வந்தார். ஆனால் அந்த அரிசி சஹனுக்கு வரவில்லை, பெரும்பாலும் கடனுக்குப் போனது.

கூடுமா?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வரலாம்.

மருந்து செய்து விற்பது ஹலாலான தொழில். பழைய பியர்ப் பசை விவகாரத்தைச் சிலர் கிளறுவார்கள். அந்த நொதிய வியாபாரத்தை 2007இலேயே டென்மார்க்கின் நொவோசைம்ஸ் கம்பனிக்கு விற்றுவிட்டார்கள். ஆகவே தொழிலில் இன்று அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் வட்டியில்.

தொழில் ஹலாலாக இருந்து, வட்டிக்குக் கடன் வாங்கியும் வட்டிக்கு வைப்பிலிட்டும் நடத்தும் கம்பனிகளின் பங்கை வாங்கலாமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவில் 1992இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி அடிப்படையில் அது ஹராம் என்றே முடிவு செய்தது. பஹ்ரைனிலுள்ள இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கீட்டுச் சபை சில எல்லைகளை வைத்து இடம் கொடுத்தது. வட்டிக் கடன் கம்பனியின் சந்தை மதிப்பில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டிக்குப் போட்ட வைப்பும் அப்படியே, ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 வீதத்தை மீறக் கூடாது, அந்த அளவு காசைப் பங்குதாரர் தம் கையில் வைக்காமல் நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். நீங்கள் எந்தக் கருத்தைப் பின்பற்றுவதானாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அளவுகோலில் மேலே கடன், கீழே சந்தை விலை. கடன் கூடினாலும், விலை விழுந்தாலும் வீதம் மாறிவிடும். போன வருடம் ஹலால் பட்டியலில் இருந்த பங்கு இந்த வருடம் இல்லாமல் போகலாம். 2022ஐப் போல ஒரு பெரிய கொள்வனவு ஒரே மாதத்தில் அதை மாற்றிவிட வல்லது. பட்டியலைக் காட்டுகிறவரிடம் எந்தத் திகதியிட்ட பட்டியல் என்று கேளுங்கள்.

அந்தத் தாயின் விஷயத்தில் இதைவிடப் பெரிய ஒரு பள்ளம் இருந்தது. "பங்கை யார் பேரில் வாங்குவது?" என்று கேட்டேன். மகனோடு வேலை செய்யும் பெங்களூர்ப் பையனின் பேரிலாம். நல்ல பிள்ளையாம், ஐந்து நேரமும் தொழுபவனாம். இருக்கட்டும், அல்லாஹ் அவனுக்குப் பரக்கத் செய்யட்டும். ஆனால் பங்கேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் கம்பனி அறியும். பங்கிலாபம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகும். அவர் நாளை மௌத்தானால் அது அவருடைய மனைவி மக்களுக்கு மீராஸாகப் போய்விடும். திருகோணமலையிலுள்ள ஒரு விதவையின் அமானிதம் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஒருவர் காசில் மற்றொருவர் பெயருக்குச் சொத்து வாங்குவதை இந்தியாவில் பினாமி என்பார்கள். 1988இலிருந்து அதற்கெதிராகச் சட்டம் உண்டு. 2016இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இங்கேயும் வெளிநாட்டில் முதலீடு செய்ய 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி வங்கி மூலமாகப் போக வேண்டும். உண்டியலில் அனுப்பிச் செய்கிற காரியமல்ல.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவின் காசு உம்மாவுடையது. மஹரானாலும் மீராஸானாலும் அப்படித்தான். மகன் யோசனை சொல்லலாம். முடிவு அவருடைய வாயிலிருந்து வர வேண்டும், அதுவும் விஷயம் விளங்கிய பிறகு. அந்தத் தாய்க்குத் தாளை அனுப்பிய மகன் கோடு போட்ட வரியை மட்டும்தான் காட்டினான். பக்கத்து வரியில் பங்குக்கு 0.50 என்று இருந்ததை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப பங்கு வாங்குறதே பிழையா மௌலவி?" என்றார். பிழையென்று நான் சொல்லவில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு பகுதியை நடத்தும் லங்கா ஐஓசி கம்பனியின் பங்குகள் கொழும்புச் சந்தையில் இருக்கின்றன. அதுவும் 2004இல் வந்ததுதான். திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்தின் பங்குகளும் அங்கே உண்டு. அவற்றை வாங்குங்கள் என்று சொல்ல நான் தரகரல்லன். அங்கேயும் இதே கேள்விகள்தான். ஒரு வித்தியாசம், அவற்றைச் சொந்தப் பெயரில் வாங்கலாம், பங்கிலாபம் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும். எதை வாங்கினாலும் கம்பனியின் வருடாந்த அறிக்கை இணையத்தில் சும்மா கிடைக்கிறது. வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் அதைக்கொண்டு கடந்த பத்து வருடத்தில் பங்கொன்றுக்கு எத்தனை ரூபா எத்தனை சதம் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வீதத்தில் எழுத வேண்டாம், காசில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அந்தந்த வருடக் கடனையும், பங்குகளின் எண்ணிக்கையையும் எழுதட்டும். ஒரு பின்னேரத்து வேலை அது.

பிள்ளைகள் சிறியவர்கள், இன்னும் இருபது வருடத்துக்கு இந்தக் காசு தேவையில்லை, போனாலும் அடுப்பு அணையாது என்று இருக்கிற ஒருவர், கடன் நிலையும் சரியாக இருக்கும் காலம் பார்த்து இப்படிப்பட்ட மருந்துக் கம்பனியில் கொஞ்சம் போட்டு வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதா மாதம் கரண்ட் பில் கட்ட வேண்டிய காசுக்கு இது இடமில்லை. அந்தத் தாயின் ஐந்து இலட்சத்துக்கு வருடம் 700 ரூபா வருவதை வைத்து ஒரு மாத பில்லும் கட்டிவிட முடியாது.

அன்றிரவே மகன் எனக்குப் போன் எடுத்தான். முதலில் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினான். முகப்பெறுமதியைச் சொன்னதும் மறுமுனையில் பேச்சில்லை. "ஃப்ரெண்ட் சொன்னான், நானும் அனுப்பிட்டேன்" என்றான். பங்கு இப்போதைக்கு வாங்கவில்லை. ஹஜ் பெருநாள் விடுமுறையில் வரும்போது சகோதரிகளையும் வைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். முன் அறையைக் கடைக்கு வாடகைக்கு விடலாமா என்றொரு யோசனையும் அந்தத் தாயிடம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கட்டிட வேலை செய்ய வேண்டுமாம். எவ்வளவு முடியும் என்று மேசனிடம் கேட்டிருக்கிறார்.

அன்று எழும்பிப் போகும்போது வாசலில் நின்று அவர் இன்னொன்று கேட்டார். "மௌலவி, நான் கிளினிக்கில எடுக்கிற இன்சுலினும் இந்தக் கம்பனிதானா?" எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் வெறும் போத்தலொன்றைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். வாசித்துப் பார்த்தேன், வேறு கம்பனி.